நிறுவனத்துக்கும் வில்லங்கம் பார்க்கலாம்

(அடையாற்றில் நிகழ்ந்த சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நிறுவனம் எவ்வளவு கடனைச் சுமந்து நிற்கிறது என்பதை, அந்நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் எவ்வாறு அறிந்துகொள்வது என்பதே இன்றைய உரையின் பொருள். இது கணக்காளர்களுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் மட்டும் உரிய பொருள் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறு எண்ணுவது சரியாகுமா? ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையை ஒரு நிறுவனத்தின் வைப்புத் திட்டத்தில் இட்டவருக்கு இது உரிய பொருள் இல்லையா? கட்டி முடிக்கப்படாத அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, வாடகையையும் மாதத் தவணையையும் சேர்த்துச் சுமக்கும் குடும்பத்துக்கு இது உரிய பொருள் இல்லையா? இவர்கள் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, அந்நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். கொடுத்தவரையும் வாங்கியவரையும் பேச்சுத் தமிழ் 'கடன்காரர்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், கடன் என்பது இருபுறமும் இழுத்துக் கட்டப்பட்ட கயிறு என்பதை அவ்வழக்கு உணர்த்துகிறது.

தமிழ்நாட்டில் அரைக் கிரவுண்டு மனை வாங்குபவர்கூட, சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அந்த மனையின் மீது யாருக்கு உரிமை, யாரிடம் அது அடமானத்தில் உள்ளது, அடமானம் மீட்கப்பட்டதா என்று பார்க்கும் அதே குடும்பம், தன் வாழ்நாள் சேமிப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது எதைப் பார்க்கிறது? பெயரைப் பார்க்கிறது; கட்டடத்தைப் பார்க்கிறது; அறிந்தவர் ஒருவர் ஏற்கெனவே பணம் போட்டிருக்கிறாரா என்று பார்க்கிறது. வில்லங்கம் பார்ப்பதில்லை.

பெயரை நம்பியதால் விளைந்த பெருந்துன்பம் ஒன்றைச் சென்னை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னையில் பாரி, பின்னி, ஆர்பத்நாட் ஆகிய மூன்று ஆங்கிலேய வணிக நிறுவனங்கள் முதலிடத்தில் நின்றன. அவற்றுள்ளும் ஆர்பத்நாட் கம்பெனியே மிக உறுதியானது என்பது ஊரார் கணிப்பு. அது வணிகமும் செய்தது. வங்கி போலப் பொதுமக்களின் வைப்புகளையும் ஏற்றது. வழக்கறிஞர்களும், ஓய்வூதியம் பெற்றவர்களும், சிறு வணிகர்களும் தம் சேமிப்பை அங்கே வைத்தனர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், திங்கட்கிழமை, அந்த நிறுவனம் முறிந்தது. அதே நெருக்கடியில் பின்னியும் ஆட்டங்கண்டு கைமாற நேர்ந்தது.

ஆர்பத்நாட் கம்பெனிக்குக் கடன் எவ்வளவு என்பதை அதற்கு முந்தைய சனிக்கிழமை யாராவது அறிந்திருக்க முடியுமா? வைப்பாளர் எவராலும் அறிந்திருக்க முடியாது. அது பங்குகளை விற்று, ஆண்டுதோறும் பங்குதாரர் முன் கணக்கு வைக்கும் நிறுவனமாக அமையவில்லை. ஒருசிலர் கூடி நடத்திய கூட்டு வணிகமாக இருந்ததால், தன் கணக்கை ஊராருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. மேலும், அதன் கூட்டாளிகளுள் ஒருவரான பாட்ரிக் மக்ஃபாடியன், இலண்டனில் தம் பெயரிலேயே மற்றொரு நிறுவனம் நடத்தி வந்தார். சென்னையில் திரண்ட பணம் அந்த இலண்டன் நிறுவனத்தின் வழியாகத் துணிச்சலான முதலீடுகளுக்குச் சென்று சிக்கிக்கொண்டது. சென்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த கல்லாப்பெட்டியைப் பார்த்தவருக்கு இலண்டனில் இருந்த ஓட்டை தெரியவில்லை. முறிவையொட்டி மக்ஃபாடியன் இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னைத் தலைவரான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வழக்கை எதிர்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார். பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் துயரத்தை எந்தத் தீர்ப்பும் நேர்செய்யவில்லை.

இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் இன்றைய உரைக்குத் தேவையான கேள்விகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கடன் எவ்வளவு? அதை எப்போது திருப்ப வேண்டும்? எதிலிருந்து திருப்புவார்கள்? அந்தக் கடன் யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது? முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வோரே மிகுதி. ஆனால் நிறுவனங்கள் வீழ்வது பெரும்பாலும் மற்ற மூன்று கேள்விகளில்தான்.

முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பாடநூல்கள் இருப்புநிலைக் குறிப்பு என்று சொல்வதும், பழைய வணிகர்கள் ஐந்தொகை என்று அழைத்ததும் ஒன்றே: குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு நிறுவனத்திடம் என்னென்ன இருக்கின்றன, அவை யார் பணத்தால் வந்தன என்று காட்டும் தாள். உரிமையாளர்கள் இட்ட பங்கு முதலும், பகிர்ந்து கொடுக்காமல் சேர்த்துவைத்த இலாபமும் சேர்ந்தது சொந்தப் பணம்; மற்றவை எல்லாம் பிறருக்குத் தரவேண்டிய பணம். கடனைச் சொந்தப் பணத்தால் வகுத்தால் வருவது கடன்–முதல் விகிதம். நூறு கோடி சொந்தப் பணமும் இருநூறு கோடி கடனும் உள்ள நிறுவனத்துக்கு அது இரண்டு.

இரண்டு என்பது மிகுதியா, குறைவா? இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி 1872-இல் தொடங்கிய அமைப்பு. உறுப்பினர்களிடம் வைப்புப் பெற்று, உறுப்பினர்களுக்கே நகையின் மீதும் வீட்டின் மீதும் கடன் தருவது அத்தகைய நிதிகளின் தொழில். 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நிதி தன் சொந்தப் பணத்தைப் போல் இருபது மடங்கு வரை வைப்புகளைப் பெறலாம். இருபது மடங்கு என்று கேட்டதும் நெஞ்சு திடுக்கிடக் கூடும். ஆனால் அதே விதிகள், பெற்ற வைப்புகளில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத தொகையை எந்தப் பிணையத்துக்கும் உட்படாத வைப்பாக வங்கியில் வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. கொடுத்த கடனுக்கு ஈடாகப் பெட்டகத்தில் பொன் இருக்கிறது. அதே இருபது மடங்குக் கடனை ஒரு நூற்பாலை வாங்கினால், பருத்தி விலை ஒரு பருவம் ஏறியதும் அது நின்றுவிடும். எனவே விகிதத்தைத் தொழிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தொழிலை விட்டுத் தனியே எடுத்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

அடுத்தது, எதிலிருந்து என்னும் கேள்வி. வட்டியும் வரியும் கட்டுவதற்கு முன்பு ஒரு நிறுவனம் ஈட்டும் இலாபம், அது கட்ட வேண்டிய வட்டியைப் போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பது வட்டி தாங்கும் திறன் எனப்படும். இருநூறு கோடி கடனுக்கு ஆண்டுக்கு இருபது கோடி வட்டி கட்டி, அறுபது கோடி ஈட்டும் நிறுவனம் மும்மடங்கு தாங்குகிறது. எண்பது கோடி மட்டுமே கடன் வைத்து, எட்டுக் கோடி வட்டி கட்ட வேண்டியிருந்தும், ஏழு கோடியே ஈட்டும் நிறுவனம், கடன் குறைவாக இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் தன் உடம்பையே தின்று கொண்டிருக்கிறது. இவ்விரண்டில் எது கடனாளி? கடன் குறைவாக உள்ளதே அச்சத்துக்கு உரியது என்பதை உணர்ந்தவர் இப்பொருளின் பாதித் தொலைவைக் கடந்தவராவார்.

இந்த உண்மையைத் தமிழ் வணிக வரலாற்றிலிருந்தே காட்ட முடியும். பர்மாவில் கடன் தொழில் நடத்திய நகரத்தார் நிறுவனங்கள் கடன்பட்டு ஆடம்பரமாக விரிந்தவை என்று கருத இடமில்லை. 1929–30-இல் ஆய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அவர்கள் அங்கே புழங்கவிட்ட பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடைய சொந்த முதலே என்று மதிப்பிட்டது. எந்த அளவுகோலால் அளந்தாலும் அது அடக்கமான கடன். ஆனால் உலகப் பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்தது. உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக இருந்த வயல்கள் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலவுடைமை, 1930-களின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. வெளியாருக்கு அது செல்வப் பெருக்கமாகத் தோன்றியது. உண்மையில் அது உறைந்துபோன பணம். செட்டிநாட்டில் வைப்பு வைத்தவர் தவணை முடிந்து ரொக்கம் கேட்டால், ஐராவதி ஆற்றங்கரை வயலை வெட்டியா கொடுக்க முடியும்? பின்னர்ப் போர் வந்தது. பர்மா கைவிட்டுப் போனது. ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்போது, அப்பட்டியலில் எது கேட்ட நாளில் பணமாகும் என்று பார்க்க வேண்டியதன் தேவையை இதைவிட உருக்கமாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது.

இனி, இருப்புநிலைக் குறிப்பில் கடன் என்னும் தலைப்பின்கீழ் வராத கடன்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எளிய மக்கள் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். சென்னைக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான நகைச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். அது ஏன் பெரும்பாலும் பதினொரு மாதமாக அமைகிறது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு நிறுவனம் பொருள் தருவதாகச் சொல்லி முன்பணம் பெற்று, 365 நாட்களுக்குள் அப்பொருளைத் தராவிட்டால், அத்தொகை சட்டத்தின் பார்வையில் வைப்பாகிவிடும். வைப்பு என்றால் கட்டுப்பாடுகள் பல. ஆகவே பதினொரு மாதம். அதில் தவறொன்றும் இல்லை. சட்டம் வகுத்த எல்லைக்குள் நடக்கும் வணிகம் அது. ஆனால் மாதந்தோறும் சேரும் அந்தப் பணம், நகை கைக்கு வரும் வரையில், கடை தன் வாடிக்கையாளருக்குப் பட்டிருக்கும் கடனே ஆகும். கணக்கில் அது 'வாடிக்கையாளர் முன்பணம்' என்னும் அமைதியான பெயரில் அமர்ந்திருக்கும். வீடு கட்டும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது, வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களையும் வங்கிகளைப் போன்ற நிதிக் கடன் கொடுத்தோராக நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மக்கள் நெடுநாள் துன்பப்பட்ட பின்னரே சட்டம் அந்த உண்மையைக் கண்டுகொண்டது.

சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி, நீண்டகால வாடகை ஒப்பந்தங்களால் கட்டியே தீர வேண்டிய தொகை, பிற நிறுவனத்துக்காகக் கொடுத்த ஜாமீன் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஜாமீன் கையெழுத்தின் கொடுமையைத் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாங்கியவர் ஒளிந்துகொண்டால் கையெழுத்திட்டவர் வீட்டுக் கதவு தட்டப்படும். நிறுவனங்கள் இடும் ஜாமீன் இருப்புநிலைக் குறிப்பின் எண்களில் சேராமல், அதற்குப் பின்னால் சிறிய எழுத்தில் வரும் குறிப்புகளில் பதிவாகும். ஆண்டறிக்கையின் முதற்பக்கங்களில் உள்ள வண்ணப் படங்களைவிட இறுதிப் பக்கங்களில் உள்ள அந்தச் சிறிய எழுத்துகளே உண்மைக்கு நெருங்கியவை.

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருப்புநிலைக் குறிப்பு காட்டுவது மார்ச் 31 என்னும் ஒரே நாளை. விருந்தினர் வரும் நாளில் மட்டும் கூடத்தைப் பெருக்கிவைப்பது போல, அந்நாளுக்கு முன் கடனைக் குறைத்து, ஏப்ரலில் மீண்டும் வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் கட்டிய வட்டியை, மார்ச் 31-இல் காட்டிய கடனோடு ஒப்பிட வேண்டும். நூறு கோடி கடன் காட்டும் நிறுவனம் ஆண்டு வட்டியாகப் பதினெட்டுக் கோடி கட்டியிருந்தால், ஒன்று ஆண்டின் பெரும்பகுதியில் கடன் அதைவிட மிகுதியாக இருந்திருக்க வேண்டும்; அல்லது நல்ல வட்டிக்குக் கடன் கொடுக்க எவரும் முன்வராத நிலையில் அந்நிறுவனம் இருக்க வேண்டும். இரண்டுமே கேள்வி கேட்க வேண்டிய நிலைகள்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, யாருடைய பெயரில் என்பது. இம்மன்றத்துக்குச் சிறிது தொலைவில், மத்திய கைலாஷ் சந்திப்பிலிருந்து தெற்கே நீளும் தகவல் தொழில்நுட்ப விரைவுச்சாலை இவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்தது. அதை உருவாக்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்னும் நிதி நிறுவனமும் கூட்டாகத் தோற்றுவித்தது. திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்திலும், கடலூர் மாவட்டத்தின் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையத்திலும் அதே ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமத்தின் கை இருந்தது. 1987-இல் தொடங்கிய அக்குழுமத்தில் பெரும் பொதுத்துறை நிறுவனங்கள் பங்குதாரர்களாக இருந்தன. கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அதற்கு மிக உயர்ந்த தரக்குறியீட்டை வழங்கியிருந்தன. 2018 செப்டம்பர் மாதத்தில் அது தவணை தவறியது. சில வாரங்களுக்குள் உயர்ந்த தரம், கடன் தவறியவருக்குரிய அடிமட்டத் தரமாக விழுந்தது. அக்டோபர் 1-ஆம் நாள், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவை நீக்கிப் புதிய குழுவை அமர்த்தியது.

புதிய குழு உள்ளே சென்று கண்டது என்ன? தாய் நிறுவனத்தின் அடியில், கிளைக்குள் கிளையாக, மொத்தம் 348 நிறுவனங்கள். குழுமம் முழுவதற்குமான கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். தாய் நிறுவனத்தின் தனிக்கணக்கை மட்டும் படித்தவருக்கு இதில் ஒரு பகுதியே தென்பட்டிருக்கும். ஒரு கிளை மற்றொரு கிளைக்குக் கடன் கொடுத்து, அது மூன்றாவதன் கடனை அடைத்து, உறவினர் வீடுகளுக்குள்ளேயே கைமாற்று சுற்றிக்கொண்டிருந்தால், வெளியில் நிற்பவர் எதை எண்ணுவார்? இதற்காகவே, தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனங்களையும் ஒரே குடும்பமாகக் கொண்டு எழுதும் ஒருங்கிணைந்த கணக்கை 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. தனிக்கணக்கைப் படித்துவிட்டு ஒருங்கிணைந்த கணக்கைப் படிக்காதவர், கூட்டுக் குடும்பத்தில் ஒருவரின் சட்டைப்பையை மட்டும் பார்த்தவர்.

ஆனால் அளவும் ஒளிவும் மட்டுமா அக்குழுமத்தை வீழ்த்தின? எப்போது திருப்ப வேண்டும் என்னும் கேள்வி இங்கேதான் வருகிறது. சாலையும் பாலமும் மின்நிலையமும் முதலைத் திருப்பித் தர இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். அவற்றுக்கான பணத்தில் ஒரு பகுதியோ சில மாதங்களில் திருப்ப வேண்டிய குறுங்காலக் கடன். தென்னங்கன்று நட்டவர், அது காய்க்கும் என்று நம்பி அடுத்த மாதமே தவணை கட்ட ஒப்புக்கொண்டது போன்ற நிலை அது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கிடைத்த வரையில் வண்டி ஓடியது. புதிய கடன் கொடுப்பவர் ஒரு நாள் தயங்கினார். அன்றே அச்சு முறிந்தது. வருங்கால வைப்பு நிதிகளும் ஓய்வூதிய நிதிகளும் அதன் கடன் பத்திரங்களில் பணம் வைத்திருந்தன. அப்பெயரையே கேள்விப்படாத தொழிலாளர்களின் முதுமைக்கால உணவு அதில் சிக்கியது. 1906-இல் ஆர்பத்நாட்டிடம் இருந்ததும் கேட்டால் கொடுக்க வேண்டிய பணம், கேட்டால் வராத முதலீடு. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் நோய் அதுவே என்பது நெஞ்சை வருத்தும் செய்தி.

நோய் அதுவே; ஆனால் நோயை அறியும் வழிகள் அன்று போல இன்று அடைபட்டுக் கிடக்கவில்லை. ஒரு நிறுவனம் தன் சொத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினால், அந்த ஈட்டை வழக்கமாக 30 நாட்களுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். சிறு கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்க்கலாம். மனைக்கு வில்லங்கம் இருப்பது போல நிறுவனத்துக்கும் வில்லங்கம் உண்டு என்பதன் பொருள் இதுவே. ஈடில்லாமல் வாங்கிய கடன் அதில் வராது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் வங்கிக் கடனில் தவணை தவறி, அது 30 நாட்களைக் கடந்தால், 24 மணி நேரத்துக்குள் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள, பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதி. குறுங்காலத்துக்குத் திரட்டிய பணத்தை நீண்டகாலத் தேவைக்குச் செலவிட்டிருக்கிறதா என்பதற்குத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் நேரடியாக விடை எழுத வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சிறிய தனியார் நிறுவனங்கள் சில உள்பட ஒருசில வகை நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மற்ற நிறுவனங்களின் அறிக்கையில் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்தாலே போதும், தென்னங்கன்றுக் கதை தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் போட அழைக்கும் விளம்பரங்கள் அழகிய தமிழில் வருகின்றன; பணம் என்ன ஆயிற்று என்று சொல்லும் ஆண்டறிக்கைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. கேட்கும்போது தாய்மொழியில் கேட்பவர்கள், கணக்குக் காட்டும்போது ஏன் தாய்மொழியை மறக்க வேண்டும்? கடன், அதன் தவணை நாள், கொடுத்த ஜாமீன் ஆகியவற்றையாவது இரண்டு பக்கத் தமிழில் தருவது தமிழ்நாட்டில் வைப்புத் திரட்டும் எந்த நிறுவனத்துக்கும் பெருஞ்செலவாகாது.

ஆர்பத்நாட் முறிந்தபோது கடன் கொடுத்தோரின் பக்கம் நின்று வாதாடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், வழக்கோடு நிற்கவில்லை. அவர் முன்னின்று பிறரைத் திரட்டியதன் பயனாக 1907 மார்ச் 5-இல் இந்தியன் வங்கி பதிவு பெற்று, ஆகஸ்டு 15-இல் பணி தொடங்கியது. நகரத்தார் பெருமக்களும் அதில் தோள் கொடுத்தனர். ஆர்பத்நாட்டைப் போல ஒருசிலரின் கூட்டு வணிகமாக அமையாமல், பலர் பங்கெடுத்து, பங்குதாரர் கூட்டத்தின் முன் கணக்கு வைக்கும் வங்கியாக அது அமைந்தது. அக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் உரிமை ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு.

அந்த உரிமை இன்றும் இருக்கிறது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பர் இறுதிக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். அவற்றுள் பல இப்போது காணொலி வழியாகவே நடைபெறுகின்றன. பெசன்ட் நகர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே ஒரு பங்குதாரர் முன்கூட்டிப் பெயர் பதிந்து, தம் முறை வரும்போது தலைவரிடம் கேட்கலாம்: "வணக்கம் ஐயா. ஒருங்கிணைந்த கணக்கில் காட்டியுள்ள கடனில், வரும் பன்னிரண்டு மாதங்களில் திருப்ப வேண்டியது எவ்வளவு? அதை எந்தப் பணத்திலிருந்து திருப்பப் போகிறீர்கள்? துணை நிறுவனங்களுக்காக நம் நிறுவனம் கொடுத்திருக்கும் ஜாமீன் எவ்வளவு?"